முஷிஷிக்கு மூன்றாவது சீசன் வேண்டாம், ஒரே ஒரு கதை போதும்

அக்கா மகன் போன மாதம் முஷிஷி என்கிற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரைப் பார்த்து முடித்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் வழக்கமாகப் பார்ப்பதெல்லாம் வாள்வீச்சும் கத்தலுமாகப் போகிற சண்டைத் தொடர்கள். ஒவ்வொரு எபிசோடும் முடிகிற இடத்தில் யாராவது ஒருவர் சாகக் கிடக்க வேண்டும், அப்போதுதான் அவனுக்குத் திருப்தி. அப்படிப்பட்டவன் இதை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் செய்தான்.

"மாமா, அடுத்த சீசன் எப்போ?"

"வராதுடா. கதை தீர்ந்துபோச்சு."

"அதுல எங்க மாமா கதை இருந்துச்சு, தீர்ந்துபோறதுக்கு?"

நல்ல கேள்விதான். அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். முழுப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருஷிபாரா யுகி என்பவர் 1999 முதல் 2008 வரை வரைந்த மாங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து, வந்தது இது. மாங்கா மொத்தம் 10 தொகுதிகள். கதை நடப்பது எடோ காலத்துக்கும் மேய்ஜி காலத்துக்கும் நடுவே எங்கோ கிடக்கிற கற்பனை ஜப்பானில். அங்கே முஷி என்று சில உயிர்கள் உண்டு. பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரியாது. செடியிலும் சேராது, விலங்கிலும் சேராது, பேய் பிசாசும் கிடையாது. அவை பாட்டுக்குத் தங்கள் பிழைப்பைப் பார்க்கின்றன. அந்தப் பிழைப்பின் நடுவே மாட்டிக்கொள்கிற மனிதர்களில் ஒருவருக்குக் காது கேட்காமல் போகிறது, ஒருவருக்குக் கண்ட கனவெல்லாம் பலிக்கிறது, ஒருத்திக்கு நினைவுகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. இதற்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர்கள்தான் முஷிஷிகள். கின்கோ அவர்களில் ஒருவன். நரைத்த முடி, ஒற்றைப் பச்சைக் கண், முதுகில் மரப்பெட்டி, வாயில் எந்நேரமும் புகை. ஊரே கிமோனோவில் நடமாட, இவன் மட்டும் மேல்நாட்டுச் சட்டை போட்டிருப்பான். வருவான், பார்ப்பான், முடிந்ததைச் செய்வான், கிளம்பிவிடுவான்.

ஏன் கிளம்புகிறான் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முஷிகளைத் தன்பால் இழுக்கிற உடம்பு அவனுடையது. ஒரே ஊரில் தங்கினால் அந்த ஊரே முஷிகளால் நிறைந்துவிடும். அந்தப் புகையும் அவற்றை விரட்டத்தான். ஆக அவன் ஊர் ஊராகப் போவது நாடோடி மனசால் வந்த ஆசை இல்லை, வேறு வழி கிடையாது. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதையாக இருப்பதற்கான காரணத்தைக் கதாநாயகனின் உடம்பிலேயே வைத்துவிட்டார் உருஷிபாரா. எனக்குத் தெரிந்து, தனித்தனிக் கதைகளாகப் போகிற எந்தத் தொடரிலும் வடிவத்துக்கும் கதாபாத்திரத்துக்கும் இவ்வளவு இறுக்கமான முடிச்சு கிடையாது.

இன்னொன்று. மற்ற தொடர்களில் நாயகனின் பின்கதைதான் பெரிய துருப்புச் சீட்டு. கடைசி வரை கையில் வைத்திருந்து, இறுதிக் கட்டத்தில் எறிவார்கள். முஷிஷி அதை முதல் சீசனின் 12வது எபிசோடில், ஏறக்குறைய நடுவிலேயே காட்டிவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் வருகிற கதைகளுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. நமக்குத் தெரிந்துவிட்ட அந்தப் பழைய கதை கின்கோவுக்கே நினைவில் இல்லை! தான் யாராக இருந்தோம், யார் தன்னைக் காப்பாற்றினார்கள் என்பது தெரியாமலேயே அவன் நடந்துகொண்டிருக்கிறான். அடுத்த எபிசோடில் வழக்கம்போல வேறொரு ஊர், வேறொரு சிக்கல். நீண்ட கதையாக இழுத்துக்கொண்டு போவதற்கான கதவை அங்கேயே சாத்தியாகிவிட்டது.

"கதை தீர்ந்துபோச்சு" என்று நான் சொன்னது வேறு அர்த்தத்தில், வெறும் கணக்கு அது. மாங்காவில் 50 அத்தியாயங்கள். 2005 அக்டோபரில் தொடங்கிய முதல் சீசனில் 26 எபிசோட். பிறகு எட்டு வருடம் ஒன்றுமில்லை. 2014இல் இரண்டாவது சீசன், 20 எபிசோட். மீதியிருந்த, தலா இரண்டு அத்தியாயம் கொண்ட இரண்டு நீளக் கதைகளில் ஒன்று அதே வருடம் சிறப்பு எபிசோடாக வந்தது. மாங்காவின் கடைசிக் கதை 2015 மே மாதம் திரையரங்குக்கு வந்தது. அத்தோடு வரைந்தது எல்லாம் படமாகிவிட்டது. அனிமே உலகில் இது அபூர்வம். பாதியில் நிற்கிற தொடர்கள்தான் அங்கே அதிகம்.

மருமகன் விடவில்லை. "அப்போ 2014ல வந்தது மட்டும் எப்படி மாமா நல்லா இருந்துச்சு?"

அது நன்றாக இருந்தது என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. எட்டு வருட இடைவெளி என்றால் அனிமேவில் ஒரு தலைமுறை. அதற்குள் ஆட்கள் மாறுவார்கள், ஓவியம் மாறும், ரசனையும் மாறும். ஆனால் இரண்டாவது சீசனில் இயக்குநர் அதே நாகஹாமா ஹிரோஷி. இசை அதே மசுதா தோஷியோ. கின்கோவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே, கதைசொல்லும் அந்த அம்மாவின் குரலும் அதுவே. ஸ்டூடியோவும் அதே ஆர்ட்லாண்ட். முதல் சீசனில் ஒரு பழக்கம் உண்டு: எபிசோடின் முடிவில் பெயர்கள் ஓடும்போது வருகிற இசை ஒவ்வொரு கதைக்கும் தனித்தனி. இரண்டாவது சீசனிலும் அதைச் சிக்கனம் பார்க்காமல் செய்திருந்தார்கள். இரண்டு சீசனையும் கலைத்துப் போட்டுக் காட்டினால், படத்தின் துல்லியத்தை வைத்துத்தான் எது எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்க முடியும்.

அதைவிட முக்கியம், 2014இல் யாரும் எதையும் 'தொடர'வில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கதைகளைத்தான் எடுத்தார்கள். முதல் சீசனில் வந்தவர்களை அழைத்துவந்து, "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்று சொல்கிற வேலை அதில் கிடையாது. சீசன் என்று பெயர் இருந்தாலும் அது மிச்சமிருந்த பாதிதான்.

இப்போது மூன்றாவது சீசன் என்றால், 10 எபிசோடோ 12 எபிசோடோ புதிதாக எழுத வேண்டும். எழுதுவது ஒரு குழுவாக இருக்கும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யோசிக்கும்போது முதலில் என்ன தோன்றும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தன்யூவைத் தொடுவார்கள்.

முதல் சீசனின் 20வது எபிசோட். தன்யூ, கரிபுசா குடும்பத்துப் பெண். பிறக்கும்போதே அவள் காலில் கருப்பாக ஒரு தழும்பு. பெரிய நாசம் விளைவிக்கக்கூடிய ஒரு முஷி அதற்குள் அடைபட்டிருக்கிறது. முஷிஷிகள் வந்து தாங்கள் முஷிகளைக் கொன்ற கதைகளைச் சொல்ல, அவள் எழுதுவாள். எழுத எழுத, உள்ளே இருப்பது எழுத்தாக வெளியேறிக் காகிதத்தில் அடங்கும். அந்த நேரத்து வலி கொடுமையானது. இப்படியே காலம் முழுக்க எழுதினால் அவள் வாழ்நாளிலோ அடுத்த தலைமுறையிலோ தழும்பு கரையலாம், கரையாமலும் போகலாம். கொலைக் கதையாகவே கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவளிடம், முஷிகளைக் கொல்லாமல் விட்ட கதைகளைச் சொல்ல வருகிறான் கின்கோ.

அந்த எபிசோடில் ஓர் இடம். சுருளிலிருந்து எழுத்துகள் தப்பித்துச் சுவரெல்லாம் ஏறிவிடுகின்றன. தன்யூ பதறவில்லை. சாப்பிடுகிற குச்சிகளைப் போல இரண்டு குச்சிகளை எடுத்து, சுவரில் ஊர்கிற எழுத்துகளை நுனியால் பற்றி இழுத்து, வரிசை தப்பாமல் காகிதத்தில் திரும்பப் படுக்க வைக்கிறாள். எழுத்துகள் நூல்போல நெளிந்துகொண்டே வருகின்றன. அவள் முகத்தில் வேலை தெரிந்தவளின் சாவதானம். எத்தனை வருடமாக இதைச் செய்கிறாள், எத்தனை முறை எழுத்துகள் ஓடியிருக்கும் என்பதெல்லாம் அந்தக் கைப்பழக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வசனமாக ஒரு வரிகூட வேண்டியதில்லை.

எபிசோடின் முடிவில் இருவரும் வெளியே உட்கார்ந்து பேசுகிறார்கள். கால் சரியானால் உன்னோடு ஊர் சுற்ற வரலாமா என்கிறாள். அதுவரை நீ உயிரோடு இருந்தால் என்ற அர்த்தத்தில் ஒரு கிண்டலும் உண்டு. அவனும் சரி என்கிறான். இரண்டு பேருக்குமே அது நடக்காது என்று தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ரசிகர்களில் பாதிப் பேர் அந்தப் பயணத்துக்காகத்தான் மூன்றாவது சீசன் கேட்கிறார்கள். மருமகனும் கேட்டான். "அவளைக் கூட்டிட்டுப் போகாம முடிச்சது அநியாயம் மாமா."

அநியாயம்தான். ஆனால் 2014இன் சிறப்பு எபிசோடில் தன்யூ திரும்ப வருகிறாள், கால் அப்படியேதான் இருக்கிறது. கதை வேறொரு முஷிஷியைப் பற்றியது. அவள் பிரச்சினையைத் தீர்க்க ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. உருஷிபாரா நினைத்திருந்தால் முடித்திருக்கலாம், பக்கங்கள் இருந்தன. முடிக்காமல் விட்டது அவருடைய முடிவு. அதை மாற்றுகிற துணிச்சல் ஒரு எழுத்தாளர் குழுவுக்கு வேண்டாம் என்பதே என் கட்சி.

இந்த இடத்தில் கௌபாய் பீபாப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் தனித்தனிக் கதைகளாகப் போகிற அனிமேக்களில் அதிகம் தொடர்ச்சி கேட்கப்பட்டது அதற்காகத்தான் இருக்கும். வாட்டனாபே ஷினிச்சிரோ இயக்கி 1998இல் தொடங்கிய 26 எபிசோட். 2071ஆம் ஆண்டு, விண்வெளியில் குற்றவாளிகளைப் பிடித்துப் பரிசுப் பணம் வாங்கிப் பிழைக்கிற சிலர், சாப்பாட்டுக்கே தாளம். முஷிஷியிலிருந்து இது ஒரு விதத்தில் வேறுபடும். கதைகள் தனித்தனி என்றாலும் ஆட்களுக்கு வயதாகிறது, பழசு துரத்துகிறது. 18வது எபிசோடில் அவர்களில் ஒருத்தியான ஃபேவுக்கு ஒரு பழைய வீடியோ கேசட் வருகிறது. அதைப் போட்டுப் பார்க்கக் கருவி தேடி அவள் கூட்டாளிகள் ஸ்பைக்கும் ஜெட்டும் படுகிற பாடு முழுக்கச் சிரிப்பு. கடைசியில் கேசட் ஓடும்போது, சிறுமியாக இருந்த ஃபே வருங்கால ஃபேவுக்கு உற்சாகமாக வாழ்த்துச் சொல்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிற ஃபேவுக்கோ அந்தச் சிறுமியை நினைவே இல்லை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பாரம் 26வது எபிசோடில் மொத்தமாக இறங்குகிறது. அதற்கு அப்புறம் போக இடமில்லை.

எடுத்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. 2001இல் திரைப்படம் எடுத்தபோது, கதையை முடிவுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை. 22வது எபிசோடுக்கும் 23வது எபிசோடுக்கும் நடுவில் செருகினார்கள். இன்றைக்கு அந்தச் செருகலும் கஷ்டம். ஜெட்டுக்குக் குரல் கொடுத்த இஷிசுகா உன்ஷோ 2018இல் காலமானார். தொடரின் முதன்மை எழுத்தாளர் நோபுமோட்டோ கெய்கோ 2021 டிசம்பரில். அதே டிசம்பரில்தான் நெட்ஃப்ளிக்ஸ் தன்னுடைய நடிகர்கள் நடித்த பதிப்பை, வெளியிட்டு மூன்றே வாரத்தில் கைவிட்டது. அந்தப் பதிப்பின் உடையையும் தலைமுடியையும் எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அதெல்லாம் பெரிய குறையாகப் படவில்லை. மூலத்தில் ஒருசில எபிசோடுகளில் மட்டும் தலைகாட்டுகிற, ஸ்பைக்கின் பழைய எதிரி விஷியஸையும் பழைய காதலி ஜூலியாவையும் பத்து எபிசோடுக்கும் இழுத்து, தனிக்கதைகளை ஒரே நூலில் கட்டப் பார்த்தார்கள். அங்கேதான் சறுக்கல். ஸ்ட்ரீமிங் தளத்துக்கு 'அடுத்த எபிசோட்' பொத்தானை அழுத்துகிற பார்வையாளர் வேண்டும். தனிக்கதை முடிந்தால் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். இன்றைக்கு முஷிஷி மூன்றாவது சீசன் எடுத்தாலும் பணம் போடுகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள்: கின்கோவைத் துரத்த ஒரு ஆள் வேண்டும், அவன் தொலைத்த கண்ணுக்கு ஒரு தேடல் வேண்டும்.

ஊர் ஊராகப் போகிற ஒரு பயணியின் கதையான கினோஸ் ஜர்னியின் கதியும் கிட்டத்தட்ட இதே பாடம். 2003இல் நகாமுரா ரியூதாரோ எடுத்த 13 எபிசோடுகள் எத்தனையோ பேருக்கு இன்றும் உயிர். அவர் 2013இல் போய்விட்டார். 2017இல் வேறு குழு மறுபடி எடுத்தது. நாவல்கள் ஏராளமாக இருந்ததால் கதைக்குப் பஞ்சமில்லை. எந்தக் கதைகளை எடுப்பது என்று ரசிகர்களிடம் வாக்கெடுப்பும் நடத்தினார்கள். ஜனநாயகம் நல்லதுதான், கதை தேர்ந்தெடுக்க மட்டும் வேண்டாம். பிடித்த கதைகளாக அடுக்கியதில் பழைய தொடரின் நிதானமும் சலிப்பும் காணாமல் போயின. ஆமாம், சலிப்பும்தான். ஊர் ஊராகப் போகிற கதையில் சலிப்பான ஊரும் இரண்டொன்று இருக்க வேண்டும்.

எதிர்வாதமாக நட்சுமே யூஜின்ச்சோவைச் சொல்வார்கள். பாட்டி விட்டுப்போன புத்தகத்தில் இருக்கிற ஆவிகளின் பெயர்களை அவற்றுக்கே திருப்பிக் கொடுக்கிற ஒரு பையனின் கதை அது. 2008இல் தொடங்கி 2024இல் ஏழாவது சீசன், நடுவில் ஸ்டூடியோகூட மாறியது, இன்னும் நன்றாகத்தான் போகிறது. உண்மை. ஆனால் அங்கே மாங்கா இன்னும் வந்துகொண்டிருக்கிறது. திரும்பக் கொடுக்க வேண்டிய பெயர்கள் புத்தகத்தில் மிச்சமிருக்கின்றன. பையனும் மெல்ல மெல்ல மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்கிறான். போக ஒரு திசை இருக்கிறது. கின்கோவுக்கு அப்படி ஒரு திசை கிடையாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஜப்பானில் ஒரு அனிமேவுக்குப் பெரும்பாலும் ஒரு நிறுவனம் மட்டும் பணம் போடாது. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், டிஸ்க் விற்கிற நிறுவனம் என்று பலர் சேர்ந்து குழுவாகப் போடுவார்கள். பதிப்பகத்துக்கு அதில் இருக்கிற ஆதாயம், அனிமே ஓடினால் மாங்கா விற்கும் என்பது. 2008இலேயே முடிந்துபோன மாங்காவுக்கு அந்த உந்துதல் குறைவு. ஆர்ட்லாண்ட் ஸ்டூடியோவும் கடன் சுமையில் 2017இல் கடையைச் சாத்திவிட்டது. அந்த மலைகளையும் மூடுபனியையும் வரைந்த கைகள் இப்போது வேறு வேறு இடங்களில். இயக்குநர் அதே ஆளாக இருந்தால் போதும் என்பவர்கள் உஸுமாகி என்கிற தொடரைப் பார்க்கலாம். நாகஹாமாவின் பெயரோடு 2019இல் அறிவித்து, 2024இல் நான்கே எபிசோடாக வந்தது. முதல் எபிசோடைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இரண்டாவதில் ஓவியத் தரம் விழுந்த விழுகையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். நேரமும் ஆளும் பணமும் சேர்ந்து அமையாவிட்டால் எந்தத் திறமைசாலியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, எனக்குப் புதிய முஷிஷி வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். ஆனால் சீசனாக வேண்டாம். இதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. மாங்கா முடிந்து ஐந்து வருடம் கழித்து, சூரிய கிரகணத்தை வைத்து உருஷிபாரா ஒரு சிறப்புக் கதை வரைந்தார். கிரகணம் விட்ட பிறகும் வெளிச்சம் திரும்பாத ஒரு ஊர், வெயிலே ஆகாத ஒரு பெண், இருட்டு நீடிப்பதில் அவளுக்குள் எழுகிற ரகசிய நிம்மதி. 2014 ஜனவரி 4 அன்று அது ஒரு மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பானது. அதைப் பார்க்க முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முடிந்தபின் அடுத்தது எப்போது என்ற நமைச்சலும் இல்லை.

நீண்ட கதையுள்ள தொடருக்கு இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு சீசன் என்றால் ஒரு கட்டம், பாதியில் விட முடியாது. முஷிஷிக்கு ஒரு கதை என்றாலே அது முழுசு. ஐந்து வருடத்துக்கு ஒன்று, பத்து வருடத்துக்கு ஒன்று என்று வந்தாலும் வடிவம் கெடாது. ரசிகர்கள் கேட்பதென்றால் இதைக் கேட்கலாம்: உருஷிபாராவுக்கு வரையத் தோன்றினால் ஒரு கதை, நாற்பத்தைந்து நிமிடம், மசுதாவின் இசை. தன்யூ வீட்டுப் பக்கம் போக வேண்டாம், கின்கோவின் கண்ணையும் நோண்ட வேண்டாம். புதிதாக ஓர் ஊர், அங்கே இதுவரை பார்க்காத ஒரு முஷி. அவருக்கு வரையத் தோன்றாவிட்டால் அதையும் கேட்க வேண்டாம்.

மருமகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு 12 எபிசோட் வேண்டும், தன்யூவும் வேண்டும். இதுவரை பார்க்காத யாரேனும் இதைப் படித்துவிட்டுத் தொடங்குவதானால் ஒரு யோசனை. வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் யாருக்காவது அறிமுகப்படுத்துவதென்றால், முதல் சீசனின் 20வது எபிசோடைப் போட்டுவிடுவேன், பிறகு மூன்றாவது, பிறகு ஏழாவது. 12ஐ மட்டும் அவசரப்பட்டுப் பார்த்துவிடாதீர்கள். குறைந்தது பத்துக் கதைகளிலாவது கின்கோவோடு நடந்துவிட்டு அதற்கு வாருங்கள். சப்டைட்டிலோடு, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.